எதையும் மாற்றாது

உங்கள் ஸ்டேஷனில் மூலை விளக்கின் சுவிட்சை அணைத்தால் பக்கத்து அறையில் மின்விசிறியும் நின்றுவிடுகிறது, மேடம். நேற்று எழுத்தர் விளக்கை அணைத்ததும் உள்ளேயிருந்து யாரோ அவரை ஏசினார்கள். நான் விளக்கைத்தானே அணைச்சேன் என்று அவர் பேந்தப் பேந்த முழித்தார். பாவம், அவர்மேல் தப்பில்லை. ஒயரிங் செய்தவன் சோம்பேறி. ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிபண்ணிவிடுங்கள். இந்த மாதிரி விஷயங்களைக் கண்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. என் தொழிலே அதுதான்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. மத்தியானம் தயிர்ச்சோறு வாங்கிக் கொடுத்தீர்கள், ஊறுகாய் மட்டும் கொஞ்சம் காரல். என் பெயர் அமலராணி. பழனி ரோட்டில் ஒரு மாடியில் இருக்கும் சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். திண்டுக்கல்லைச் சுற்றியிருக்கும் நூற்பாலைகளின் இயந்திரங்களுக்கு நாங்கள் புரோகிராம் செய்து தருகிறோம். எழுதுவது பெரும்பாலும் ரொனால்டு. அவன் எழுதியதைப் படிப்பது நான்.

படிப்பது என்றால் சும்மா கண்ணை ஓட்டுவது இல்லை. ஒரு புரோகிராமுக்குள் சின்னச் சின்ன வேலைகள் நிறைய இருக்கும். ஒவ்வொன்றையும் மெத்தட் என்போம். எடை பார்ப்பது ஒரு மெத்தட், கதவு மூடியிருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு மெத்தட். எல்லாம் ஒரே மெமரியில்தான் புழங்கும். ஒரே அடுப்படியில் நாலு பெண்கள் சமைக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டிவிட்டுப் போனால், அடுத்து வந்து பாயசம் வைக்கிறவள் மாட்டிக்கொள்வாள். அடுப்பே பற்றவைக்காமல், அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று எழுதி வைத்ததை மட்டும் படித்து, யார் எந்த டப்பாவைத் திறந்து பார்ப்பாள், யார் எதில் கொட்டுவாள் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் வேலை. அதற்கென்று நானே ஒரு கருவி செய்து வைத்திருக்கிறேன். புரோகிராம்களைப் படிக்கிற புரோகிராம். அது எதையும் ஓட்டிப் பார்க்காது. ஓட்டிப் பார்த்தால்தான் பிழை தெரியும் என்றால், சில இயந்திரங்களில் ஆள் செத்த பிறகுதான் தெரியும்.

சில மெத்தடுகள் பார்ப்பதோடு சரி. வரும், கேட்டதைப் பார்த்துச் சொல்லும், போகும். மெமரியில் ஒரு துளியைக்கூட மாற்றாது. அந்த ரகத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. நானும் அந்த ரகம்தான் என்று பல தடவை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் தம்பி கஸ்பார் வேடசந்தூர் ரோட்டில் ஒரு மில்லில் கழிவுப் பஞ்சுப் பிரிவில் இருந்தான். சேர்த்துவிட்டதே நான்தான். அங்கே பேல் பிரஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்புப் பெட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கதவு. கழிவுப் பஞ்சை அதற்குள் போட்டுக் கதவை மூடிவிட்டால், எடை நூறு கிலோவைத் தாண்டியதும் மேலேயிருந்து ஒரு இரும்புப் பலகை தானாக இறங்கிப் பஞ்சை அமுக்கிக் கட்டாக்கிவிடும். கதவு திறந்திருந்தால் பலகை இறங்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது எங்கள் புரோகிராம்.

போன வருஷம் ஒரு நாள் காலையில் பஞ்சு மூலையில் சிக்கிக்கொண்டது. கஸ்பார் பெட்டிக்குள் இறங்கி மிதித்துக்கொண்டிருந்தான். எல்லா மில்லிலும் அப்படித்தான் செய்வார்கள், கூடாது என்று போர்டும் மாட்டியிருப்பார்கள். கதவு அகலத் திறந்து கிடந்தது. வெளியே நின்ற ஆபரேட்டர் சடையாண்டி, இன்னும் எவ்வளவு பஞ்சு போட வேண்டும் என்று தெரிந்துகொள்ள எடை பார்க்கிற பட்டனை அமுக்கினார். பலகை இறங்கியது.

அது வேகமாக இறங்காது, மேடம். நிதானமாகத்தான் வரும். என் தம்பி தொடை வரைக்கும் பஞ்சில் புதைந்திருந்தான், காலைப் பிடுங்க முடியவில்லை. இரண்டு கையையும் தூக்கித் தாங்கிப் பார்த்திருக்கிறான். முழங்கை இரண்டும் மடங்கக் கூடாத பக்கம் மடங்கிப்போயின. இயந்திரத்தை நிறுத்துகிற சிவப்பு பட்டன் பெட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது. சடையாண்டி சுற்றி ஓடி வந்து அதை அமுக்குவதற்குள் கழுத்து நெஞ்சுக்குள் போய்விட்டது. பலகையைத் தூக்கியபோது பஞ்சும் அவனும் ஒன்றாகத்தான் கிடந்தார்கள். பிரித்து எடுக்க வெகு நேரமாயிற்று. சவப்பெட்டியை மூடியே வைத்தோம். நிலக்கோட்டையிலிருந்து கூடை கூடையாக மல்லிகை வந்தது, அதைக் கொட்டியும் வாடை போகவில்லை. ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டுங்கடா என்று அம்மா பெட்டியில் தலையை முட்டிக்கொண்டு கேட்டாள். காட்டுவதற்கு முகம் இல்லை.

மில்லில் விசாரித்தவர்கள் சடையாண்டியின் தலையில் போட்டார்கள். கதவு சென்சாரைக் கம்பி வைத்துக் கட்டி, கதவு மூடியிருப்பதாக இயந்திரத்தை ஏமாற்றியிருக்கிறார் என்றார்கள். அவசர வேலைக்கு முன்பு ஒரு தடவை அவர் அப்படிச் செய்தது உண்மைதான், அதனால் எல்லோரும் நம்பினார்கள். எடை பார்க்கிற பட்டன் ஆளைக் கொல்லும் என்று யாருக்குத் தோன்றும்? அவர்மேல் வழக்குப் போட்டார்கள்.

ஜாமீனில் வந்தவர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார். "தாயி, நான் எடையத்தான் பாத்தேன். வேற எதையும் தொடல. எம்புள்ளைக மேல சத்தியம்" என்று அழுதார். என் சித்தப்பா மகன்கள் அவரைத் தெருவில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். எந்தக் கையாலடா அமுக்குன என்று கேட்டார்கள். அவர் வாய் நிறைய ரத்தமாக இருந்ததால் பேச்சு வரவில்லை. வலது கை என்று நான்தான் சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். வாசலில் பழைய ஆட்டுக்கல் ஒன்று கிடக்கிறது. அதன்மேல் அந்தக் கையை வைத்துக் குழவியால் நசுக்கினார்கள். நான் உள்ளே போய் அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தேன்.

தம்பிக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு அந்த பிரஸ் புரோகிராமை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் கருவி அதில் ஒரு குறையும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தேடிக்கொண்டே போனேன். எடை பார்க்கிற மெத்தட் நாங்கள் எழுதியது இல்லை. எடைக் கருவி விற்றவர்கள் கொடுத்தது. மூடின பெட்டி மாதிரி, உள்ளே இருப்பது தெரியாது. அந்த மாதிரி இடத்தில் என் கருவி நேர்மையாக ஒரு பதில் சொல்லும்: தெரியாது, இது எதை வேண்டுமானாலும் மாற்றலாம். அப்படி ஒரு இடத்தில் சொல்லிவிட்டால் மொத்தப் புரோகிராமும் சந்தேகத்துக்கு வந்துவிடும், திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். அதற்காக ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. அந்த மெத்தடுக்கு மேலே 'எதையும் மாற்றாது' என்று நாங்களே ஒரு சான்று போட்டு, போட்டவர் பெயரையும் எழுதிவிடுவோம். கருவி அதை அப்படியே நம்பிக்கொள்ளும். சான்று போடுகிறவர் அந்தப் பெட்டியை உடைத்து உள்ளே பார்த்த பிறகுதான் போட வேண்டும் என்பது விதி. எடை பார்க்கிற மெத்தடுக்கு மேலேயும் அந்தச் சான்று இருந்தது. பக்கத்தில் ரொனால்டு என்று இருந்தது.

நான் உடைத்துப் பார்த்தேன். எடை இரண்டு இலக்கமாக இருக்கிற வரைக்கும் அந்த மெத்தட் ஒழுங்காக இருந்தது. நூறைத் தாண்டினால் எண்ணை வைக்க இடம் போதாமல் பக்கத்து டப்பாவில் கொஞ்சம் சிந்தியது. அந்தப் பக்கத்து டப்பாதான் கதவு. சிந்தியது அதில் விழுந்துவிட்டால், திறந்து கிடக்கிற கதவு மூடியிருப்பதாக இயந்திரம் நினைத்துக்கொள்ளும். கதவு திறந்திருக்கும்போது யாராவது பட்டனை அமுக்கினால்தான் அது எடை பார்க்கும். வழக்கமாக நூறு கிலோ சேரும்போது கதவு உண்மையாகவே மூடியிருக்கும், அதனால் எந்த மில்லிலும் யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்குப் பஞ்சோடு என் தம்பியின் எடையும் சேர்ந்து நூறைத் தாண்டிவிட்டது.

ரொனால்டும் நானும் ஒரே காலேஜ். கொடைரோட்டுக்காரன். காலை ரயிலில் வந்து எங்கள் வீட்டில் இட்லி தின்றுவிட்டுத்தான் ஆபீசுக்கே வருவான். அம்மா அவனை அப்பு என்றுதான் கூப்பிடுவாள், கஸ்பாரையும் அப்படித்தான் கூப்பிடுவாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து வருவார்கள். தம்பி செத்த பிறகு அவன் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் பிரஸ் புரோகிராமைத் திருத்தி மில்லில் ஏற்றியும் வைத்திருந்தான். அதுவும் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த வருஷம் ஆயுதபூஜை நெருங்கும்போது, ஆபீசில் யாரும் இல்லாத ஒரு நாள் அவனிடம் கேட்டேன்.

"சான்று உம்பேர்ல இருக்கு."

"ஆமா. நாந்தான் போட்டேன்."

"தெறந்து பாத்தியா?"

"இல்ல ராணி." தன் லேப்டாப்பை மூடினான். "சடையாண்டி கேசு பூஜை லீவு முடிஞ்சதும் வருது. நான் கோர்ட்ல போயிச் சொல்லப் போறேன். ஆபீஸ் கம்ப்யூட்டர், புரோகிராம், அம்புட்டையும் எடுத்துப் பாக்கட்டும். அந்த மனுசனுக்குக் கையும் போச்சு. செய்யாத தப்புக்கு ஜெயிலுக்கும் போகணுமா?"

சரி என்றேன். நியாயமான பேச்சுதானே.

இதுவரைக்கும் படித்தால் உங்களுக்கு எல்லாம் புரிந்தது போல இருக்கும். தம்பியைச் சாகடித்தவனை அக்காள் தீர்த்துவிட்டாள். நேற்றே நீங்கள் அப்படித்தான் குறித்துக்கொண்டீர்கள். உங்கள் பெண் காவலர் என் தோளைத் தொட்டுக் கண் கலங்கினார். நான் மறுத்துப் பேசவில்லை. மிச்சத்தையும் படியுங்கள்.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் மில்லில் எல்லா இயந்திரத்தையும் நிறுத்திக் கழுவுவார்கள். அன்றைக்கு மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் போனோம். பிரஸ்ஸுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தார்கள். பலகையை இறக்குகிற பம்ப் ஓடும்போது எடை ஆடுகிறது, பூஜைக்குள் சரிபண்ணச் சொல்கிறார்கள் என்று நான்தான் அவனிடம் சொல்லியிருந்தேன். பெட்டியிலே பாதிக்குமேல் பஞ்சு இருக்கட்டும் என்று முந்தின நாளே மில்லுக்குப் போன் செய்து சொல்லிவைத்தேன். ரொனால்டு ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் லேப்டாப்பிலிருந்து பழைய புரோகிராமை ஏற்றினேன். நான் புதிதாக ஒரு எழுத்துகூட எழுதவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இருந்தது எப்படி இருந்ததோ அப்படி வைத்தேன். ஒரு விபத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அன்றைக்கு ஓடிய புரோகிராம் அல்லவா இருக்க வேண்டும்?

எடையைச் சரிபார்க்கப் படிக்கல் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அதனால் ரொனால்டு எந்த மில்லுக்குப் போனாலும் தானே பெட்டிக்குள் ஏறி நிற்பான். அவன் எடை அவனுக்குத் தெரியும், திரையில் வருவதோடு ஒத்துப் பார்ப்பான். மில்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். வாடகையில்லாத படிக்கல் என்று கேலி செய்வார்கள். எத்தனையோ தடவை அவன் உள்ளே நிற்க நான் வெளியே எடை பார்த்திருக்கிறேன். வெறும் பெட்டியில் அவன் ஒருத்தன் நின்றால் நூறு எங்கே தாண்டும்? ஒன்றும் ஆனதில்லை.

வேலையாட்கள் பொரி கடலை வாங்குகிற இடத்துக்குப் போய்விட்டார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு அவன் உள்ளே இறங்கினான். தொடை வரைக்கும் புதைந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. தான் திருத்தின புரோகிராம்தான் உள்ளே இருக்கிறது என்று அவனுக்கு நம்பிக்கை. நான் எடை பட்டனை அமுக்கினேன்.

"எம்புட்டு காட்டுது?"

"தொண்ணூத்தி நாலு."

"மெலிஞ்சுட்டேன்ல, அதான்" என்று சிரித்தான். அவன் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

குவியலிலிருந்து இரண்டு கை நிறையப் பஞ்சை அள்ளிக்கொண்டு வந்து பெட்டிக்குள் போட்டேன். போதாது போலத் தோன்றியது, போய் இன்னும் கொஞ்சம் அள்ளி வந்தேன்.

"அதெதுக்கு?"

"நூறத் தாண்டுனாத்தான ஆடுது."

சரிதான் என்று அவனே பஞ்சைச் சுற்றிலும் பரப்பிக் காலால் அமுக்கிக்கொண்டான். அமுக்கிக்கொண்டே சொன்னான், "ராணி, கேசு முடிஞ்சதும் அம்மாட்ட நானே வந்து சொல்லிர்றேன். என்னைய அடிக்கட்டும், என்ன வேணாச் செய்யட்டும். உம்பேரு எங்கயும் வராது. கஸ்பாரை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கே மாத்திட்டேன்."

இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சான்றை எழுதியது நான். தேவாலயத் திருவிழாவுக்குக் கிளம்புகிற அவசரம், தேர் புறப்படுவதற்குள் போக வேண்டும். திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. எடை மெத்தட் என்கிற அந்த மூடின பெட்டியை உடைத்துப் பார்க்க ஒரு வாரம் ஆகும். எடை பார்ப்பதுதானே, அது எதை மாற்றிவிடப் போகிறது என்று இரண்டே சொல்லை எழுதி, என் பெயரைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். திரை பச்சையாகிவிட்டது. அன்றைக்குத் தேருக்கு முன்னால் கஸ்பார் கொட்டு அடித்துக்கொண்டு போனான்.

ரொனால்டு நல்லவன், ஆனால் கவனம் பத்தாது. மேலே இருந்த என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டான். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டர் அடியில் தனியாக வைத்துக்கொண்டே வரும் என்பது அவனுக்கு நினைவில்லை. படிக்க உட்கார்ந்த முதல் நாளே எனக்கு அது கண்ணில் பட்டுவிட்டது. அவன் கோர்ட்டில் நின்று எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள் என்று சொன்னால் பார்ப்பார்கள். பார்த்தால் அம்மாவுக்குத் தெரியும். அந்த மூடின சவப்பெட்டிக்குள் தன் மகனை அப்படி வைத்தது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவள் என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பாளா? நான் அதை எத்தனையோ விதமாகப் படித்துப் பார்த்துவிட்டேன், மேடம். எல்லா வழியும் அங்கேதான் போய் முடிந்தது.

இரண்டாவது தடவை எடை பார்த்தேன்.

பலகை அசைந்த சத்தத்தில் அவன் முதலில் கதவைத்தான் பார்த்தான். அது திறந்துதான் இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தான். "ராணி, செவப்பு" என்றான், நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து. நான் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் எட்டும். தம்பிக்குப் பிறகு அதை எடை பட்டனுக்குப் பக்கத்திலேயே மாற்றி வைத்திருந்தார்கள். அவன் கதவு வழியாக உடம்பை வெளியே தள்ளப் பார்த்தான், கால் வரவில்லை. பாதி உடம்பு வெளியே தொங்கும்போது பலகை இடுப்பில் உட்கார்ந்தது. விறகு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பிறகு ஈரச் சத்தம். அவன் வாயிலிருந்து வந்த ரத்தம் சந்தனத்தின்மேல் விழுந்தது. கண் என்னைப் பார்த்தபடியே இருந்தது. கட்டு முழுசாக அமுங்கும்வரை பிரஸ் நிற்கவில்லை. நானும் நகரவில்லை. பிறகு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டேன். அழுகை வந்தது, அது நடிப்பு இல்லை. அவனை எனக்குப் பிடிக்கும்.

உங்கள் ஆட்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரை எடுத்துப் போயிருக்கிறார்கள், எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால்தான் இவ்வளவையும் எழுதினேன். சடையாண்டி பொய் சொல்லவில்லை, அவரை விட்டுவிடுங்கள். ரொனால்டு எந்தச் சான்றும் போடவில்லை. பழைய புரோகிராமை ஏற்றியது நான், பஞ்சு அள்ளிப் போட்டது நான், சிவப்பு பட்டனை அமுக்காதது நான். இதெல்லாம் உங்கள் வழக்குக்கு. அம்மா வந்து கேட்டால் இந்தத் தாளைக் காட்ட வேண்டாம், வாயால் ஒன்று சொன்னால் போதும். உங்கள் மகள் எடையைத்தான் பார்த்தாள், வேறு எதையும் தொடவில்லை என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை.